சமூக ஊடகத் தடை எப்படி நடக்கிறது: கொழும்பிலிருந்து ஓர் எளிய விளக்கம்

இலங்கையில் சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்ட காலங்கள் எவை என்று கேட்டால், கொழும்பில் வாழ்பவர்கள் மூன்று ஆண்டுகளைச் சொல்வார்கள். 2018 மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை பரவியபோது, முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை ஏறத்தாழ ஒரு வாரம் முடங்கின. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்து சில மணித்தியாலங்களுக்குள் மீண்டும் முடக்கம் வந்தது. அது மாத இறுதிவரை நீடித்து, மே நடுப்பகுதியில் இன்னொரு தடவையும் வந்துபோனது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களுக்கு முன்னதாக ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டிருந்த வார இறுதியில், நள்ளிரவு கடந்ததும் தொடங்கிய முடக்கம் அன்று பிற்பகலே நீக்கப்பட்டது. இந்த மூன்றையும் அனுபவித்தவர்களுக்குக்கூட, அப்போது தொலைபேசிக்குள்ளும் அதற்கு அப்பாலும் என்ன நடந்தது, யார் எந்த அதிகாரத்தின்பேரில் அதைச் செய்தார்கள், ஒரு தீய பதிவை மட்டும் எடுத்துவிடாமல் ஏன் முழுச் சேவையையும் மூடினார்கள் என்பன தெளிவில்லாமலே இருக்கின்றன. தொழில்நுட்பம் படிக்காத வாசகருக்கும் விளங்கும் வகையில் அவற்றைச் சொல்ல முயல்கிறேன். இடையிடையே என் கருத்தையும் மறைக்காமல் வைக்கிறேன்.

தணிக்கை என்றவுடன் அரசின் கை மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் நாம் எழுதும் ஒரு வரி வாசகரைச் சென்றடையாமற் போவதற்கு மூன்று இடங்களில் தடை விழலாம். அரசு தடுக்கலாம், அந்த வரியைத் தாங்கும் நிறுவனம் தன் விதிப்படி நீக்கலாம், எழுதுபவரே பயந்து அழித்துவிடலாம். முதலாவதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம், மூன்றாவதைப் பற்றி ஏறக்குறையப் பேசுவதே இல்லை. அரசின் தடையிலும் வகைகள் உண்டு. வெளிவருமுன் வாசித்து வெட்டுவது ஒன்று, வெளிவந்தபின் எழுதியவரைத் தண்டிப்பது இன்னொன்று, எழுதியவரையும் எழுத்தையும் விட்டுவிட்டுப் பாதையை மூடுவது மூன்றாவது. சமூக ஊடக முடக்கம் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

அச்சுப் பத்திரிகைக் காலத்தில் முதலாவது வகையே இங்கு வழக்கம். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்த பின்னர் அரசாங்கம் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் செய்தித் தணிக்கையைக் கடுமையாக்கியது. யுத்தச் செய்திகளைத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரிடம் காட்டி அனுமதி பெற்றே அச்சிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகையும் கொழும்பில் சண்டே லீடர் பத்திரிகையின் அச்சகமும் மூடப்பட்டன. சண்டே லீடர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தணிக்கை அதிகாரியின் நியமனமே முறைப்படி செய்யப்படவில்லை என்ற அடிப்படையில், ஜூன் மாத இறுதியில் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. அந்த வழக்கை நான் இங்கு எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்திரிகையை மூடியதற்கு ஒரு கடிதம் இருந்தது, அதில் ஒரு கையொப்பம் இருந்தது, கையொப்பமிட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று நீதியரசர்களால் கேட்க முடிந்தது. இணையப் பாதையை மூடும்போது அந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த விடயம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி.

இனி, பாதை எப்படி மூடப்படுகிறது என்று பார்ப்போம். உங்கள் கைத்தொலைபேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்க முகவரி உண்டு. ஆகையால் உங்கள் தொலைபேசி முதலில் ஒரு சேவையகத்திடம் ‘இந்தப் பெயருக்குரிய இலக்கம் என்ன?’ என்று கேட்கிறது. பெயரை இலக்கமாக மாற்றித்தரும் இந்த ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்தக் கேள்வி உங்கள் சிம் அட்டையையோ வீட்டு இணைப்பையோ தந்த நிறுவனத்தின் சேவையகத்துக்கே போகும். அந்த நிறுவனம் குறித்த பெயருக்கு மட்டும் பதில் தராமலோ தவறான இலக்கத்தைத் தந்தோ விட்டால், உங்களைப் பொறுத்தவரை அந்தத் தளம் இல்லாததாகிவிடுகிறது. இது மிக மலிவான தடை. நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் ஒரு பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும். இதைத் தாண்டுவதும் அதே அளவுக்கு இலேசு. தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் டி.என்.எஸ். சேவையகத்தை மாற்றி, 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற வெளி முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால், கேள்வி வேறிடத்துக்குப் போய்ச் சரியான பதிலுடன் திரும்பிவிடும்.

அதனால், தடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் இன்னும் இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்று, இலக்க முகவரியையே மறித்துவிடுவது. இதில் சிக்கல் என்னவென்றால், இன்று ஓர் இலக்க முகவரியின் பின்னால் தொடர்பே இல்லாத பல தளங்கள் இருக்கலாம். ஒன்றை மறிக்கப்போய், அதே முகவரியைப் பகிரும் வேறு கடைகளும் வங்கிச் சேவைகளும் பாடசாலைத் தளங்களும் சேர்ந்து விழலாம். மற்றையது, இணைப்புத் தொடங்கும் முதற் கணத்தைக் கவனிப்பது. இன்றைய இணையத்தில் பெரும்பாலான போக்குவரத்து மறைகுறியாக்கப்பட்டே செல்கிறது. அதைத் தபாலுறையில் இட்ட கடிதத்துக்கு ஒப்பிடலாம்: உறையின்மேல் எழுதிய பெயரைத் தபாற்காரர் வாசிக்கலாம், உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர், இணைப்புத் தொடங்கும்போது பொதுவாக வெளியே தெரியும் வகையிலேயே செல்கிறது. சேவை வழங்குநரின் கருவி அந்தப் பெயரைக் கண்டதும் இணைப்பை அறுத்துவிடலாம். டி.என்.எஸ். சேவையகத்தை மாற்றிவைத்தும் சில வேளைகளில் தளம் திறக்காமற் போவதற்கு இதுவே காரணம்.

இவ்விடத்தில் தொடக்கத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. முகநூலில் யாரோ ஒருவர் இட்ட வெறுப்புப் பதிவை மட்டும் ஏன் தடுக்க முடியவில்லை? ஏனென்றால் கொழும்பிலுள்ள சேவை வழங்குநருக்கு ‘முகநூல்’ என்ற பெயர் மட்டுமே தெரிகிறது. அதற்குள் எந்தப் பக்கம், எந்தப் பதிவு, எந்தப் பின்னூட்டம் என்பன உறைக்குள்ளே இருக்கின்றன. வாட்ஸ்அப்பின் நிலை இன்னும் இறுக்கமானது. 2016 ஏப்ரலிலிருந்து அதில் செல்லும் தகவல்கள் அனுப்புபவரின் தொலைபேசியில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் தொலைபேசியில்தான் திறக்கப்படுகின்றன. இடையில் இருக்கும் எவரும், அந்த நிறுவனம் உட்பட, அவற்றை வாசிக்க முடியாது. ஆகவே உள்நாட்டில் இருந்துகொண்டு தடுக்க நினைப்பவருக்குத் தெரிவு இரண்டுதான்: எல்லாவற்றையும் விடுவது அல்லது எல்லாவற்றையும் மூடுவது. ஒரு பதிவை மட்டும் எடுக்க வேண்டுமானால் அதை வைத்திருக்கும் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அரசுகள் முழு முடக்கத்தை நாடுவதற்குக் கொடுங்கோன்மை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகாரிகளின் மேசையில் வேறு பொத்தான் இல்லாமல் இருந்ததும் ஒரு காரணம். ஆனால் பொத்தான் ஒன்றுதான் என்பது, அதை எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதற்கு அனுமதியாகிவிடாது.

பாதிக்கப்படுபவர் பார்க்கும் காட்சி மிகச் சாதாரணமானது. திரையில் ‘இது அரசின் உத்தரவால் தடுக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவித்தல் எதுவும் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியின் ஓரத்தில் சிறிய கடிகாரச் சின்னம் அப்படியே நின்றுவிடும். சரிக்குறி ஒன்றுகூட விழாது. முகநூலில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், பிறகு டேட்டா முடிந்துவிட்டதோ என்று பார்ப்பார்கள், பிறகு ரீலோட் போடுவார்கள். தணிக்கை ஒரு தொழில்நுட்பக் கோளாறு போல வேடமிட்டு வரும்போது, அதற்கு எதிராகக் கோபப்படவும் யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழ்நெட் இணையத்தளம் 2007 ஜூன் மாதத்தில் இலங்கைக்குள் முடக்கப்பட்டபோது, அது தடைதானா கோளாறா என்பதையே வாசகர்கள் ஒருவரையொருவர் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இணையத்தள முடக்கங்களை நீக்குவதாக அறிவிக்கும்வரை, அந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

2019 ஏப்ரலில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கங்களில் இருந்தவர்களுக்கு முடக்கம் வேறொரு வகையில் தாக்கியது. புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த செய்தி கேட்டு, லண்டனிலும் டொரன்டோவிலும் இருந்த உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். இங்கிருந்து ‘நாங்கள் சுகமாயிருக்கிறோம்’ என்ற ஒரு வரி போகவில்லை. வெளிநாட்டு அழைப்புக்குக் காசு கட்டிப் பேசும் பழக்கமே பல குடும்பங்களில் விட்டுப்போயிருந்த காலம் அது. சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் வேலை செய்தன என்பது உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப் இலக்கத்தை மட்டும் பார்த்துப் பழகிய வயதானவர்களுக்கு, நாட்டுக் குறியீட்டைச் சேர்த்து அழைப்பது எப்படி என்று ஒருவர் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டியிருந்தது. தவறான தகவல் பரவாமல் தடுப்பதே நோக்கம் என்று அரசு சொன்னது. அந்த நோக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அன்று நகரில் ஓடிய வதந்திகள் சிறிதல்ல. எனினும் உயிரோடு இருக்கிறோம் என்ற செய்தியும் வதந்தியும் ஒரே கதவால் போய்வந்தன, மூடப்பட்டது அந்தக் கதவு.

அந்தத் தடையை மீறும் வழியாக வந்ததுதான் வி.பி.என். இதன் செயற்பாடு விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. உங்கள் தொலைபேசி வெளிநாட்டிலுள்ள ஒரு சேவையகத்துடன் மறைகுறியாக்கப்பட்ட ஒரு தனிப் பாதையை ஏற்படுத்திக்கொள்கிறது; நீங்கள் போக விரும்பும் எல்லா இடங்களுக்கும் அந்தப் பாதையின் வழியாகவே போகிறீர்கள். உள்ளூர்ச் சேவை வழங்குநருக்கு நீங்கள் அந்தச் சேவையகத்துடன் பேசுகிறீர்கள் என்பது மட்டுமே தெரியும், அதற்கப்பால் எங்கு போகிறீர்கள் என்பது தெரியாது. 2019 இல் வெள்ளவத்தையில் ரீலோட் போடும் சிறு கடைகளில்கூட இளைஞர்கள் வாடிக்கையாளரின் தொலைபேசியில் இந்தச் செயலியைப் பதிந்து கொடுத்தார்கள். 2022 இல் நிலைமை வேடிக்கையான எல்லைக்கே போனது: அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, வி.பி.என். இருக்கும் காலத்தில் இப்படிப்பட்ட தடை பயனற்றது என்ற கருத்தை, தடைசெய்யப்பட்டிருந்த டுவிட்டரில் எழுதினார்.

ஆனால் வி.பி.என். பற்றி நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதைப் பதிந்துவிட்டால் யாருமே பார்க்க முடியாது என்று நினைக்கிறார்கள். பார்ப்பவர் மாறுகிறார், அவ்வளவுதான். முன்பு உங்கள் போக்குவரத்தின் திசைகளைக் கண்டவர் இலங்கைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு சேவை வழங்குநர். இப்போது காண்பவர், முகவரிகூடத் தெரியாத ஒரு செயலியின் உரிமையாளர். இலவசமாகக் கொடுப்பவருக்குச் செலவு இல்லாமல் இல்லை. விளம்பரத்திலோ உங்கள் பயன்பாட்டுத் தகவலை விற்பதிலோ அவர் அதை ஈடுசெய்யலாம். அவசரத்தில் கையில் அகப்பட்ட இலவசச் செயலியைப் பதிந்தவர்கள், தடை நீங்கிய பின்னரும் அதை அப்படியே ஓடவிட்டு, அதன் வழியாகவே வங்கிச் செயலியையும் திறந்துகொண்டிருக்கிறார்கள். இன்று உங்கள் தொலைபேசியிலும் அப்படி ஒன்று கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, தேவையில்லை என்றால் அகற்றிவிடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தடையைத் தாண்டத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்ற பிரிவு சமமானதல்ல. வெறுப்பைப் பரப்புவதையே வேலையாகக் கொண்ட குழுக்கள் முதல் மணித்தியாலத்திலேயே தாண்டிவிடும். மகனுக்கு ‘நலம்’ என்று எழுத விரும்பும் தாய்க்குத்தான் அது முடியாமற் போகிறது.

முடக்கத்தால் வன்முறை அடங்குகிறதா? 2018 இல் அடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே நாட்களில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, படையினர் வீதியில் இறக்கப்பட்டு, ஊரடங்கும் அமுலில் இருந்தது. எது எதை அடக்கியது என்று பிரித்துச் சொல்பவர் துணிச்சல்காரர். 2019 மே மாத நிகழ்வு இன்னும் தெளிவானது. சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வர்த்தகர் முகநூலில் எழுதிய ஒரு வரியை, அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் இருந்த அந்த வரியை, மிரட்டலாக எடுத்துக்கொண்ட கூட்டம் மே 12 அன்று வன்முறையில் இறங்கியது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த மறுநாள் மாலைதான் மினுவாங்கொடையில் கடைகள் எரிக்கப்பட்டன. கூட்டம் சேர்வதற்குச் செயலி கட்டாயம் தேவையில்லை. சாதாரண அழைப்பும் மோட்டார் சைக்கிளும் போதும். அங்கே தேவைப்பட்டது, பொலிசார் நேரத்துக்கு வந்து சேர்வது. முடக்கத்தைச் செய்தியாக அறிவிப்பது இலேசு. பொலிசார் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது கடினம். முதலாவது நடந்தால் இரண்டாவதைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது என்பது என் நீண்டநாள் ஐயம்.

எந்தத் தடையும் கூடாது என்பது என் வாதமல்ல. ஒரு பள்ளிவாசலின் முகவரியையும் நேரத்தையும் போட்டுக் கூட்டத்தை அழைக்கும் பதிவு நீக்கப்படத்தான் வேண்டும், அதுவும் மணித்தியாலக் கணக்கில். அரசியலமைப்பும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சு, கருத்து வெளிப்பாடு, வெளியீடு ஆகிய சுதந்திரத்தைத் தருகிறது. 15 ஆம் உறுப்புரை இன, மத நல்லிணக்கம், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காக அதை மட்டுப்படுத்தலாம் என்கிறது. அந்த உறுப்புரையில் நாம் அடிக்கோடிட வேண்டிய நிபந்தனை, மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும் என்பதாகும். பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் அவசரகால ஒழுங்குவிதிகளும் அந்தச் சட்டம் என்பதில் அடங்கும். ஆனால் அவையும் எழுதப்பட்டு வர்த்தமானியில் வெளியாக வேண்டியவை. ஒரு அமைச்சின் வேண்டுகோளும் ஓர் அதிகாரியின் தொலைபேசி அழைப்பும் அந்த வகையைச் சேரா. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி முடக்கம், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் செய்யப்பட்டதாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கூறியது. எந்த அதிகாரத்தின் கீழ் இது செய்யப்பட்டது என்று மனித உரிமைகள் ஆணைக்குழு விளக்கம் கேட்டது. தடை அன்றே விலகியது. என் பார்வையில், அந்த ஒரு கேள்வி ஆயிரம் கண்டன அறிக்கைகளைவிட உதவியாக இருந்தது.

அதன் பின்னர் நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி, 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும், நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது; பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைப்படுத்தினார். அது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அது ஏற்படுத்துகிறது. தடைசெய்யப்பட்ட கூற்று என்று ஆணைக்குழு கருதுவதை 24 மணித்தியாலத்துக்குள் நீக்குமாறு அறிவித்தல் கொடுக்கலாம். கீழ்ப்படியாவிட்டால் சேவை வழங்குநரைக்கொண்டு அணுகலை முடக்கலாம். குறைந்தபட்சம் இப்போது ஒரு கடிதமாவது இருக்கும் என்பதை நான் மதிக்கிறேன். என் ஆட்சேபம் வேறு இடத்தில். ஒரு கூற்று பொய்யா மெய்யா என்று முதலில் முடிவெடுப்பது நீதிமன்றமா, அரசினால் நியமிக்கப்படும் குழுவா? சட்டமூலத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. பல பிரிவுகளைத் திருத்தினாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் திருத்தங்கள் எல்லாமே முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டில் சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்து, தோற்றது. இலங்கையில் ஒரு சட்டம் சான்றுரைப்படுத்தப்பட்ட பின் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் போக முடியாது. 80(3) உறுப்புரை அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. சட்டமூலமாக இருக்கும்போது கவனிக்காத வாசகர், பிறகு கவனித்துப் பயன் குறைவு.

நிறுவனங்களின் தணிக்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அங்கு நம் கை எட்டுவது குறைவு. 2018 வன்முறையில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. வெறுப்புப் பதிவுகள் பற்றி இங்கிருந்து போன முறைப்பாடுகளை உரிய நேரத்தில் கவனிக்காத அதே நிறுவனம், கார்த்திகை மாதத்தில் இறந்தோரை நினைவுகூரும் தமிழ்ப் பதிவுகளைத் தன் ஆபத்தான அமைப்புகள் விதியின் கீழ் நீக்குகிறது என்ற மனக்குறை தமிழ்ப் பயனரிடம் நெடுங்காலமாக உண்டு. மிகக் குறைவாகவும் மிக அதிகமாகவும் ஒரே கை நீக்குகிறது. இரண்டுக்கும் காரணம், நம் மொழிகளை வாசிக்கத் தெரிந்தவர்களைப் போதிய அளவில் வேலைக்கு வைக்காமல் விட்டதே என்று நான் நினைக்கிறேன்.

எழுதுபவரின் கை தானே நின்றுவிடுவதற்கு வருவோம். கண்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராஸிக், பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்துமாறு முகநூலில் எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பில் இருந்தார். அவரைக் கைதுசெய்யப் பயன்பட்ட சட்டங்களில் ஒன்று, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தும் 2007 ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையைக் காக்கவென்று வந்த சட்டமே இப்படிப் பயன்பட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இருவருமே இறுதியில் வென்றார்கள். ஆனால் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர், தன் பதிவைப் போடுவதற்கு முன் அந்தத் தீர்ப்பை நினைப்பாரா, அந்தக் கைதை நினைப்பாரா? கொழும்பில் பல தமிழ்க் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில், அரசியல் செய்தி ஒன்று வந்தவுடன் ‘இதை இங்கே போடாதீங்கோ, அழியுங்கோ’ என்று ஒரு மாமாவோ அக்காவோ எழுதுவது வழக்கம். சிம் அட்டை தேசிய அடையாள அட்டை இலக்கத்துடன் பதிவாகியிருக்கிறது என்பதையும், சோதனைச் சாவடியில் தொலைபேசியைத் திறந்து காட்டச் சொன்ன காலத்தையும் மறக்காத தலைமுறை அது. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எந்தப் பட்டியலிலும் பதிவாகாத இந்தத் தணிக்கையே அளவில் மிகப் பெரியது என்பது மட்டும் உறுதி.

சாதாரண வாசகர் ஒருவர் இதில் செய்யக்கூடியது, முன்னே சொன்ன கடிதத்தைக் கேட்பது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்த இலங்கைப் பிரசையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வியை ‘ஏன் தடுத்தீர்கள்?’ என்று எழுதினால், அது கருத்துக் கேட்பதாகிவிடும். ஆவணத்தைக் கேட்க வேண்டும்: இன்ன திகதியில் சமூக ஊடகங்களை முடக்குமாறு சேவை வழங்குநர்களுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் பிரதி, அதற்கு அடிப்படையாக இருந்த வேண்டுகோளின் பிரதி, அதில் குறிப்பிடப்பட்ட சட்டப் பிரிவு, தடையை நீக்கிய உத்தரவின் பிரதி. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி 5 ஆம் பிரிவின் கீழ் மறுக்கலாம். ஆனால் பொதுமக்களின் நலன் அந்தத் தீங்கைவிட மேலோங்கினால் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

முடக்கம் நடந்துகொண்டிருக்கும்போது தகவல் உரிமை விண்ணப்பம் மெதுவான கருவிதான். அந்த நேரத்துக்கு இருப்பது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாதவர், அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுவின் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டைக் கையளிக்கும்போது உங்கள் பிரதியிலும் திகதி முத்திரை இடுவித்துக்கொள்ளுங்கள். திரையில் கடிகாரச் சின்னத்துடன் நின்ற செய்தியின் ஸ்கிரீன்ஷொட் இருந்தால், அதையும் அச்சிட்டு இணைத்துவிடலாம்.